ஆறிய புண்ணும் ஆறாத வலியும்

ஆபரேஷன் முடிந்தது, தையல் பிரித்தாயிற்று, புண்ணும் ஆறிவிட்டது. ஆனால் வலி மட்டும் போகவில்லை! காலில் ஆபரேஷன் செய்துகொண்ட பலருடைய குறை இது.

காஞ்சிபுரத்துப் பிள்ளையார்பாளையத்தில், குழித்தறியில் பட்டு நெய்பவருக்குக் கால் என்பது நடப்பதற்கு மட்டும் உள்ள உறுப்பன்று. கை நாடாவை ஓட்டுகிறது. பாவு இழைகளைப் பிரித்து அதற்கு வழிவிடுவதோ, குழிக்குள் மிதிகட்டையை மிதிக்கும் கால். கால் நின்றால் தறி நிற்கும். தறி நின்றால் கூலி நிற்கும்.

"பல்லைக் கடித்துக்கொண்டு மிதித்தால் சரியாகிவிடும்" என்பர் சிலர். "வலி தீரும் வரை காலை அசைக்கவே கூடாது" என்பர் வேறு சிலர். இரண்டும் தவறு.

வலி ஏன் நீடிக்கிறது?

ஆபரேஷனுக்குப் பின் 3 மாதங்கள் கடந்தும் நீடிக்கும் வலியை மருத்துவர்கள் தனி நோயாகவே கருதுகிறார்கள். அறுபட்ட நரம்பு தழும்பில் சிக்கியிருக்கலாம். மூட்டு இறுகியிருக்கலாம். உள்ளே வைத்த ஆணியோ தகடோ உறுத்தலாம். சிலருக்குக் காயம் ஆறிய பிறகும் நரம்புகள் ஓயாமல் அபாயச் செய்தி அனுப்பிக்கொண்டே இருக்கும். அப்போது வேட்டி நுனி பட்டாலும் தீப்பட்டது போல் எரியும், காலின் நிறம் மாறும், வீங்கும், வியர்க்கும். இது மனப்பிரமை அன்று. தாமதமின்றி டாக்டரிடம் காட்ட வேண்டும்.

வேலூர் தந்த பாடம்

அப்படியானால் வலி நமக்குச் சத்துருவா? 1946-ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் கை கால்களுக்கு ஆபரேஷன் செய்து புகழ் பெற்றவர். வலி தெரியாததால்தான் அவர்களுடைய பாதங்கள் மேன்மேலும் புண்பட்டுச் சிதைந்தன என்று அவர் கண்டார். வலி ஒரு காவல்காரன். அவன் சொல்வதைக் கேட்க வேண்டும். ஆனால் அவனுக்கு அடிமையாகிவிடக் கூடாது.

செய்ய வேண்டியவை

டாக்டர் அனுமதித்த பின், வேலையைச் சிறு சிறு பகுதியாகத் தொடங்கலாம். முதலில் 10 நிமிஷம் மிதித்து, வலி மிகுமுன் எழுந்துவிட வேண்டும். குழியில் தொங்கிய கால் வீங்கும். ஆகவே படுத்துத் தலையணைமேல் காலைச் சற்று உயர்த்தி வைப்பது நல்லது. சில நாட்களுக்கு ஒரு முறை நேரத்தைக் கொஞ்சம் கூட்டலாம்.

தொட்டாலே கூசும் தழும்பை, புண் முழுதும் ஆறிய பின், முதலில் பட்டுத் துணியாலும், பழகிய பின் பருத்தித் துணியாலும், பிறகு முரட்டுத் துண்டாலும் தினமும் சில நிமிஷங்கள் மெல்லத் தேய்த்துவர, கூச்சம் குறையக்கூடும்.

உணர்ச்சி மங்கிய காலுக்குச் சூடான ஒத்தடம் கூடவே கூடாது, வெந்துபோனாலும் தெரியாது! நீரிழிவு உள்ளவர்களுக்கு இதில் இரட்டிப்பு எச்சரிக்கை தேவை. காய்ச்சல், சீழ், கெண்டைக்கால் வீக்கம், மூச்சுத் திணறல் கண்டால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

நடந்து போக இயலாதவர்களுக்காக, 2021-ல் தமிழக அரசு தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், வீட்டிற்கே வந்து அளிக்கும் இயன்முறை சிகிச்சையும் சேர்க்கப்பட்டது.

வலி ஒரே நாளில் ஓடிவிடாது. சிலருக்கு முழுதும் போகாமலே இருக்கலாம். ஆனால் நேற்று 10 நிமிஷம் மிதித்த கால், அடுத்த மாதம் அரை மணி மிதித்தால் அதுவே வெற்றி. பட்டுச் சேலை இழை இழையாகத்தானே வளர்கிறது!