தறி வீட்டில் பிறந்த கார்!

ஜப்பான் நாட்டில் சகிச்சி டொயோடா என்று ஒருவர் இருந்தார். தச்சரின் மகன். தாய் தறியில் படும் பாட்டைப் பார்த்து வளர்ந்தவர். 1924-ல் அவர் புதுத் தறி ஒன்றைச் செய்து முடித்தார். நூல் அறுந்தால் அது தானாகவே நின்றுவிடும்!

தறித் தொழில் நன்றாக நடந்தது. மகன் கீச்சிரோவுக்கோ கார் மீது ஆசை. தந்தை தடுக்கவில்லை.

1930-ல் தந்தை காலமானார். 1933-ல் தறித் தொழிற்சாலைக்குள்ளேயே கார்ப் பிரிவு தொடங்கியது. 1937-ல் அது தனிக் கம்பெனி ஆயிற்று. அதுதான் டொயோட்டா!

தறியை மூடிவிட்டுக் காருக்குப் போகவில்லை. தறி சோறு போட்டது, கார் வளர்ந்தது. கோளாறு கண்டால் உடனே நிறுத்து என்ற தறியின் பாடம் கார்த் தொழிற்சாலைக்கும் போயிற்று.

வழி எளிதாக இல்லை. 1950-ல் பண நெருக்கடி. கீச்சிரோ பதவி விலகினார். ஆனால் கம்பெனி பிழைத்தது.

உங்கள் வீட்டிலும் மகன் புதுத் தொழில் என்கிறானா? மகள் கடைக் கணக்கைக் கம்ப்யூட்டரில் எழுதலாம் என்கிறாளா? கோபிக்க வேண்டாம். பழைய கடை நடக்கட்டும். அதில் ஒரு மூலையைப் பிள்ளைகளுக்கு ஒதுக்குங்கள். நாளைக்குச் சோறு அங்கிருந்தும் வரலாம்!