இல்லமே பள்ளி: ஜப்பானில் மாணவர் இல்லத் தங்கல்

1982இல் மலேசியா ‘கிழக்கு நோக்கும் கொள்கை’யை அறிவித்தது முதல் நம் மாணவர் பலர் கல்வியின் பொருட்டு ஜப்பான் சென்றுள்ளனர். 2007இல் ஜப்பானிய அரசு தொடங்கிய ஜெனிசிஸ் பரிமாற்றத் திட்டமும் இவ்வட்டார இளையர்க்கு வழி திறந்தது. இத்தகைய பயணங்கள் பலவற்றில், அந்நாட்டுக் குடும்பம் ஒன்றுடன் சில நாள் தங்குவதும் ஒரு பகுதியாகும். அந்தச் சில நாள் மொழி கற்போர்க்கு என்ன தருகிறது என்பதை நோக்குவோம்.

பாடநூல்கள் பெரும்பாலும் பணிவு வடிவங்களையே முதலில் கற்பிக்கின்றன. ‘உண்கிறேன்’ என்பதற்குத் ‘தபெமாஸ்’ என்று நாம் படிக்கிறோம். வீட்டினரோ தமக்குள் ‘தபெரு’ என்று எளிமையாகப் பேசுவர். விருந்தினரை உண்ணுமாறு வேண்டும்போது ‘மெஷிஅகாரு’ என்னும் வேறொரு வினை வரும். யார் யாரிடம் எதைச் சொல்கிறார் என்பதை வகுப்பறை விளக்கலாம். உணவு மேசையே அதைப் பழக்குகிறது.

வாயிற்படியில் மட்டுமே உயிர்பெறும் சொற்களும் உள. வெளியே புறப்படுபவர் ‘இத்தெகிமாஸ்’ என்பார். வீட்டிலிருப்பவர் ‘இத்தெராஷ்ஷாய்’ என்பார். முன்னதன் நேர்ப்பொருள் ‘சென்று வருகிறேன்’. பின்னது ‘சென்று வாருங்கள்’. திரும்பியதும் ‘ததைமா’ என்றால் ‘ஒகயெரி’ என்று மறுமொழி கிடைக்கும். விடைபெறும்போதே மீண்டு வருவதையும் சொல்லும் இவ்வழக்கம் தமிழ் மாணவர்க்குப் புதிதன்று.

வேறு ஒற்றுமைகளும் உண்டு. இரு மொழிகளிலும் வினை இறுதியில் நிற்கும். ‘தபெதெ மிரு’ என்பது சொல்லுக்குச் சொல் ‘உண்டு பார்’ என்பதே. ஜப்பானிய மொழியறிஞர் சுசுமு ஓனோ (1919–2008) இரண்டும் உறவுடைய மொழிகள் என வாதிட்டார். மொழியியலாளர் பெரும்பாலோர் அதனை ஏற்கவில்லை. எனினும், உறவு மெய்ப்பிக்கப்படாவிடினும் ஒற்றுமை கற்போர்க்குத் துணையே. ஆங்கிலத்தின் வழியே ஜப்பானிய வாக்கியத்தை அமைக்க முயலும் மாணவர், தமிழின் வழியே முயன்றால் பாதித் தொலைவைக் கடந்துவிடுவர்.

புறப்படுமுன் அறியவேண்டியவை சில. காலணியை முன்வாயிலிலேயே கழற்றவேண்டும். குளியல் தொட்டி உடலைக் கழுவுவதற்கன்று. வெளியில் நன்கு குளித்த பின்னரே அதிலுள்ள வெந்நீரில் அமரவேண்டும். அதே நீரைக் குடும்பத்தார் அனைவரும் பயன்படுத்துவதால் அதை வடித்துவிடலாகாது. சோற்றில் உணவுக் குச்சிகளைச் செங்குத்தாக நட்டுவைப்பது இறந்தோர்க்குப் படைக்கும் முறையாதலின் அதைத் தவிர்க்கவேண்டும். மரக்கறி உண்போரும் மாட்டிறைச்சி தவிர்ப்போரும் முன்னரே தெரிவிப்பது நன்று. காய்கறிச் சாற்றிலும் மீனிலிருந்து எடுத்த ‘தஷி’ கலந்திருப்பது வழக்கம். ஆகவே ‘இறைச்சி வேண்டா’ என்பது மட்டும் போதாது.

திரும்பிவந்த மாணவரிடம் ஆசிரியர்கள் ஒரு பணியைத் தரலாம். அவ்வீட்டில் மட்டுமே கேட்ட சொற்களைப் பட்டியலிடச் செய்து, ஒவ்வொன்றுக்கும் நேராகத் தம் வீட்டுத் தமிழ்ச் சொல்லை எழுதச் சொல்லலாம். சில கட்டங்கள் வெறுமையாக நிற்கக்கூடும். ‘போய் வருகிறேன்’ என்னும் இடத்தில் இன்று ‘பாய்’ என்று சொல்லும் வீடுகள் நம்மிடையே உள்ளன. தேர்வும் பாடநூலும் ஒரு மொழியைக் கற்பிக்கும். அதை நாள்தோறும் வாழவைப்பது வீடு. ஜப்பானிய இல்லம் ஒன்றில் இதை நேரில் காணும் மாணவர், தம் இல்லத்திலும் அச்சொல்லை மீண்டும் சொல்லத் தொடங்குவாராயின், அப்பயணத்தால் இரு மொழிகளும் பயனடையும்.