டாப் கேட் (தொலைக்காட்சித் தொடர்)

டாப் கேட் என்பது நியூயார்க் நகரத்துச் சந்து ஒன்றில் வாழும் ஆறு தெருப்பூனைகளையும், அவற்றை அடக்க முயன்று தோற்கும் ஒரு காவலரையும் பற்றிய அமெரிக்க அசைவூட்ட நகைச்சுவைத் தொடராகும். ஹன்னா-பார்பரா நிறுவனம் தயாரித்த இத்தொடர், ஏபிசி தொலைக்காட்சியில் 1961 செப்டம்பர் 27 முதல் 1962 ஏப்ரல் 18 வரை புதன்கிழமை இரவுகளில் ஒளிபரப்பானது. மொத்தம் 30 அத்தியாயங்கள் உருவாக்கப்பட்டன.

பிறந்த நாட்டில் ஒரே பருவத்தோடு புதிய அத்தியாயங்கள் நின்றுபோயின. ஆனால் பிரிட்டனிலும், அதைவிட மெக்சிகோவிலும் பிற லத்தீன் அமெரிக்க நாடுகளிலும் இத்தொடர் பல தலைமுறைகளின் நினைவில் நிலைத்தது. படங்களின் அசைவைக் காட்டிலும் கதைமாந்தரின் பேச்சை நம்பி இது உருவாக்கப்பட்டதே அதற்கு ஒரு முக்கியக் காரணம் எனலாம். பேச்சை இன்னொரு மொழியில் புதிதாகப் படைத்துவிட முடியும். மெக்சிகோ நடிகர்கள் அதைத்தான் செய்தனர்.

பின்னணி

வில்லியம் ஹன்னா, ஜோசப் பார்பரா ஆகிய இருவரும் எம்ஜிஎம் திரைப்பட நிறுவனத்தில் 'டாம் அண்ட் ஜெர்ரி' குறும்படங்களை உருவாக்கியவர்கள். பூனையும் எலியும் துரத்தி விளையாடும் அக்குறும்படங்கள் 7 ஆஸ்கர் விருதுகளைப் பெற்றன. அவற்றில் பேச்சு மிகக் குறைவு. ஓட்டமும் அடிதடியும் இசையுமே கதையைச் சொல்லின. 1957இல் எம்ஜிஎம் தன் கேலிச்சித்திரப் பிரிவை மூடியதால், இருவரும் சொந்த நிறுவனம் தொடங்கித் தொலைக்காட்சிக்குப் படம் தயாரிக்க முற்பட்டனர்.

1960இல் அவர்கள் தயாரித்த 'தி ஃபிளின்ட்ஸ்டோன்ஸ்' இரவு நேரத்தில், பெரியவர்களும் பார்க்கும் வேளையில் ஒளிபரப்பாகி வெற்றி பெற்றது. அதைத் தொடர்ந்து அடுத்த ஆண்டில் அமெரிக்கத் தொலைக்காட்சிகள் இரவு நேரக் கேலிச்சித்திரத் தொடர்களை விரும்பி வாங்கின. டாப் கேட் அந்த அலையில் வந்த தொடர்களுள் ஒன்று.

இதன் முன்மாதிரி ஒரு கேலிச்சித்திரம் அன்று. 1955 முதல் 1959 வரை சிபிஎஸ் தொலைக்காட்சியில் வந்த 'தி ஃபில் சில்வர்ஸ் ஷோ' என்ற நகைச்சுவை நாடகமே அது. அதில் பில்கோ என்னும் இராணுவ சார்ஜென்ட், தன் வீரர்களைச் சேர்த்துக்கொண்டு மேலதிகாரியை ஏமாற்றிப் பணம் பண்ணத் திட்டங்கள் தீட்டுவார். ஹன்னா-பார்பரா அந்த முகாமைச் சந்தாகவும், சார்ஜென்டைப் பூனைத் தலைவனாகவும், மேலதிகாரியைக் காவலராகவும் மாற்றியது. பில்கோ நாடகத்தில் டோபர்மேன் என்ற வீரராக நடித்த மாரிஸ் காஸ்ஃபீல்டே இத்தொடரில் பென்னி என்னும் பூனைக்குக் குரல் கொடுத்தார்.

குறைந்த அசைவு, நிறைந்த பேச்சு

திரைப்படத்தில் ஒரு நொடிக்கு 24 சட்டகங்கள் ஓடுகின்றன. 7 நிமிடக் குறும்படம் ஒன்றில் 10,080 சட்டகங்கள் இருக்கும். 25 நிமிடத் தொலைக்காட்சி அத்தியாயம் என்றால் 36,000. திரையரங்குக் குறும்படத்துக்குப் பல மாதங்கள் உழைக்கலாம். வாரந்தோறும் ஓர் அத்தியாயம் தரவேண்டிய தொலைக்காட்சிக்கு அவ்வளவு படங்களை வரையக் காலமும் இல்லை, பணமும் இல்லை.

இதற்கு ஹன்னா-பார்பரா கையாண்ட வழி 'வரையறுக்கப்பட்ட அசைவூட்டம்' எனப்படும். ஒரு பாத்திரம் பேசும்போது உடலை அசையாமல் நிறுத்திவிட்டு, வாயையும் கண்ணையும் மட்டும் தனித் தாளில் மாற்றி மாற்றி வரைவார்கள். ஒரு முறை வரைந்த நடையைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்துவார்கள். நடக்கும் பாத்திரத்துக்குப் பின்னால் அதே கட்டடங்கள் மீண்டும் மீண்டும் நகர்ந்து செல்லும். யோகி கரடி முதலிய பாத்திரங்களுக்குக் கழுத்தில் காலரும் டையும் வைத்ததும் இதன் பொருட்டே. தலையைத் தனியாக அசைத்தாலும் இணைப்பு தெரியாது. டாப் கேட் தொடரில் ஸ்பூக்கின் டை, ஃபேன்சியின் கழுத்துத்துணி, சூ-சூவின் கழுத்தை மூடிய சட்டை ஆகியனவும் இவ்வசதியைத் தந்தன.

படம் குறைந்த இடத்தைப் பேச்சு நிரப்பவேண்டியிருந்தது. ஆகவே வானொலியிலும் மேடையிலும் தேர்ந்த நகைச்சுவைக் குரல்கள் தேவைப்பட்டன. வானொலி நகைச்சுவை நடிகரான ஆர்னால்ட் ஸ்டாங் தலைவனுக்குக் குரல் தந்தார். 1930களில் குற்றக் கதைப் படங்கள் பலவற்றில் நடித்த ஆலன் ஜென்கின்ஸ் காவலர் டிபிளாகப் பேசினார். ஹாய்ட் கர்ட்டின் இசையமைத்தார். கண்ணை மூடிக்கொண்டு கேட்டாலும் கதை விளங்கும் அளவுக்கு உரையாடல் முன்னிற்பது இத்தொடரின் தனித்தன்மை.

கதைக்களம்

கதை நியூயார்க்கின் மன்ஹாட்டன் பகுதியில் ஹோகி சந்து என்னும் கற்பனை இடத்தில் நடக்கிறது. தலைவன் டாப் கேட் வசிப்பது குப்பைத்தொட்டியில். ஆனால் அவன் நடப்பதும் பேசுவதும் பெரிய மாளிகைக்காரன் போல. சந்தில் உள்ள காவல்துறைத் தொலைபேசியையே தன் சொந்தத் தொலைபேசியாக வைத்துக்கொண்டு காரியங்களை முடிக்கிறான். காவலர் டிபிள் அதைக் கண்டு கொதிப்பதும், அவரைப் புகழ்ந்து பேசி டாப் கேட் தப்புவதும் அத்தியாயம்தோறும் வரும்.

தொடக்கப் பாடல் காட்சியிலேயே அவன் குணம் விளங்கிவிடும். வாயிற்காப்பவருக்கு நாணயம் ஒன்றை அன்பளிப்பாகத் தருகிறான். நூலில் கட்டியிருந்த அந்த நாணயத்தை மறுகணமே இழுத்துக்கொள்கிறான். கொடுப்பதில் பெரிய மனிதனின் தோரணை, கையிலோ காசில்லை. தொடரின் நகைச்சுவை முழுவதும் இந்த இடைவெளியிலிருந்தே பிறக்கிறது.

முக்கியக் கதைமாந்தர்

டாப் கேட்: மஞ்சள் நிறப் பூனை; ஊதா நிறத் தொப்பியும் அரைச்சட்டையும் அணிபவன். நண்பர்கள் 'டி.சி.' என்பார்கள். எத்தனுக்கு எத்தன்.

பென்னி: குள்ளமான, உருண்டையான நீலப் பூனை. வெள்ளை மனம் கொண்டவன். அதிர்ஷ்டம் பெரும்பாலும் இவனையே தேடி வரும். இவனுடைய அப்பாவித்தனமே தலைவனின் திட்டங்களைக் கவிழ்க்கவும் செய்யும். 

சூ-சூ: இளஞ்சிவப்பு நிறம், காதல் வயப்படுபவன். குரல்: மார்வின் கப்லான்.

ஃபேன்சி-ஃபேன்சி: பெண்பூனைகளிடம் இனிக்கப் பேசும் அழகன். குரல்: ஜான் ஸ்டீபன்சன்.

ஸ்பூக், பிரெயின்: ஸ்பூக் அக்கால ஜாஸ் இசை விரும்பிகளின் கொச்சையில் பேசுபவன். பிரெயின் என்றால் மூளை. பெயருக்கு நேர்மாறான மந்தபுத்தி. இரண்டு குரல்களும் லியோ டி லியோன் என்ற ஒரே நடிகருடையவை.

காவலர் சார்லி டிபிள்: அப்பகுதியில் ரோந்து வருபவர். கோபக்காரர், ஆனால் கொடியவர் அல்லர்.

எத்தனும் காவலரும்

ஏமாற்றுக்காரன் ஒருவனைத் தலைவனாகக் கொண்ட கதை குழந்தைகளுக்கு ஏற்றதா என்ற கேள்வி இயல்பாக எழும். இத்தொடரின் கதைகளைச் சேர்த்துப் பார்த்தால் விடை கிடைக்கிறது. டாப் கேட்டின் பேராசைத் திட்டங்கள் நிலைத்த வெற்றி பெறுவதில்லை. 'தி டைகூன்' என்ற அத்தியாயத்தில் பெருஞ்செல்வர் ஒருவர் பென்னிக்குப் பத்து லட்சம் டாலர் காசோலை தருகிறார். அதுவும் கைக்கு எட்டியது வாய்க்கு எட்டாத கதையாகவே முடிகிறது. மகாராஜா ஒருவரின் செல்வத்தைக் குறிவைக்கும் அத்தியாயமும் உண்டு. இந்திய அரசர் என்றால் மாணிக்கக் கற்களை வாரி இறைப்பவர் என்ற அக்கால அமெரிக்கக் கற்பனையை அதில் காணலாம். எத்தனை திட்டம் தீட்டினாலும் இரவில் தலைவன் படுப்பது அதே குப்பைத்தொட்டியில்தான்.

மறுபுறம், கூட்டத்தில் ஒருவனுக்கு மானக்கேடு வரும் நிலை ஏற்பட்டால் அதே தந்திரங்கள் காப்பாற்றும் கருவியாக மாறுகின்றன. 'எ விசிட் ஃப்ரம் மதர்' அத்தியாயத்தில் பென்னியைப் பார்க்க அவன் தாய் ஊரிலிருந்து வருகிறாள். தான் நியூயார்க் மேயராக இருப்பதாக அவன் அவளிடம் சொல்லி வைத்திருக்கிறான். அந்தத் தாயின் மனம் உடையாமலிருக்கக் கூட்டம் முழுவதும் பாடுபடுகிறது. ஆதாயம் எதுவும் இல்லாத ஏமாற்று இது.

காவலருடனான உறவும் இவ்வாறே இரு முகம் கொண்டது. டாப் கேட்டின் நாள்கள் எண்ணப்படுகின்றன என்று டிபிள் தவறாக நம்பும் அத்தியாயத்தில், அவர் அவனிடம் உருகிப்போய் நடந்துகொள்கிறார். 'ஃபேர்வெல் மிஸ்டர் டிபிள்' அத்தியாயத்தில் அவருடைய இடத்துக்குக் கண்டிப்பான வேறொரு காவலர் வருகிறார். தினமும் டிபிளை ஏய்த்த பூனைகளே அவரைத் திரும்பக் கொண்டுவரப் போராடுகின்றன. அவரை ஏமாற்ற முடிந்ததே அவரிடம் இரக்கம் இருந்ததால்தான் என்பதை அவை அப்போது உணர்கின்றன. அதிகாரத்தைக் கேலி செய்யும் இத்தொடர், மனிதத்தன்மை உள்ள அதிகாரத்துக்கும் அது இல்லாத அதிகாரத்துக்கும் உள்ள வேறுபாட்டை இவ்விடத்தில் தெளிவாகக் காட்டுகிறது.

அமெரிக்க ஒளிபரப்பு

தொடர் வண்ணத்தில் தயாரிக்கப்பட்டாலும் முதல் ஒளிபரப்பு கறுப்பு-வெள்ளையில்தான் நடந்தது. இரவு நேரக் கேலிச்சித்திரங்களின் மீதான ஆர்வம் விரைவில் தணிந்தது. அதே 1961இல் தொடங்கிய 'தி ஆல்வின் ஷோ', 'கால்வின் அண்ட் தி கர்னல்' ஆகியனவும் இரவு நேரத்தில் ஒரு பருவத்தைத் தாண்டவில்லை. டாப் கேட் அத்தியாயங்கள் பின்னர் சனிக்கிழமைக் காலைகளில் சிறுவர்களுக்காக மறுஒளிபரப்பு செய்யப்பட்டன. பெரியவர்களுக்கு எழுதப்பட்ட தொடர் இவ்வாறு சிறுவர் தொடராக அறியப்படலாயிற்று.

பிரிட்டனில்

பிபிசி 1962இல் இத்தொடரை ஒளிபரப்பத் தொடங்கியபோது ஒரு சிக்கல் எழுந்தது. 'டாப் கேட்' என்ற பெயரில் பிரிட்டனில் பூனை உணவு ஒன்று விற்பனையில் இருந்தது. விளம்பரம் செய்வதில்லை என்ற கொள்கையுடைய பிபிசி, தொடரின் பெயரை 'பாஸ் கேட்' என்று மாற்றியது. ஆயினும் பாடலை மாற்றவில்லை. ஆகவே எழுத்தில் ஒரு பெயரும் பாட்டில் வேறு பெயருமாகத் தொடர் ஒளிபரப்பானது. காவலர் டிபிளின் பெயர் மான்செஸ்டர் பகுதிப் பேச்சுவழக்கில் போலீஸ்காரரைக் குறிக்கும் சொல்லாகவே ஆகிவிட்டது.

மெக்சிகோவில்

ஸ்பானிய மொழியில் இத்தொடர் 'தோன் காத்தோவும் அவர் கூட்டாளிகளும்' என்று பொருள்படும் பெயரைப் பெற்றது. 'தோன்' என்பது மதிப்புக்குரியவர் பெயருக்கு முன் சேர்க்கும் சொல். 'காத்தோ' என்றால் பூனை. குப்பைத்தொட்டியில் வாழ்பவனுக்குத் 'திருவாளர்' பட்டம் சூட்டியதால், மூலத்தின் நகைச்சுவை பெயரிலேயே வந்து அமர்ந்துவிட்டது.

மெக்சிகோவில் நடந்த மொழிமாற்றம் சொல்லுக்குச் சொல் செய்யப்பட்டதன்று. ஜூலியோ லூசேனா தலைவனாகப் பேசினார். ஹோர்ஹே அர்வீசு இரு பூனைகளுக்குக் குரல் தந்தார். பென்னி 'பெனித்தோ போதோக்கே' ஆனான். 'கூச்சோ' எனப் பெயர் மாறிய சூ-சூ, மெக்சிகோவின் தென்கிழக்கில் உள்ள யுகத்தான் பகுதியின் வட்டார வழக்கில் பேசினான். நகைச்சுவை நடிகர் ஒருவர் குறிப்பிட்ட ஊர்ப் பேச்சில் பேசும்போது எழும் சிரிப்பை அறிந்த தமிழ் வாசகர்களுக்கு இதன் சுவை எளிதில் விளங்கும். பிரெயினுக்குத் 'தெமோஸ்தெனெஸ்' என்று பெயரிட்டு அவனைத் திக்கிப் பேச வைத்தார்கள். திக்குவாயை வென்று பெரும் பேச்சாளரானவர் எனக் கூறப்படும் பண்டைய கிரேக்கரின் பெயர் அது. காவலர் டிபிள் 'மத்தூத்தே' ஆனார்.

இவ்வாறு நியூயார்க் சந்தில் நின்றபடியே பூனைகள் மெக்சிகோக்காரர்களாகப் பேசத் தொடங்கின. பல பதிற்றாண்டுகள் நீடித்த மறுஒளிபரப்பில் வளர்ந்தவர்களுக்கு அவை உள்ளூர்ப் பாத்திரங்களாகவே தோன்றின.

பிற்காலம்

1988இல் தொலைக்காட்சித் திரைப்படம் ஒன்று வெளிவந்தது. ஆர்னால்ட் ஸ்டாங் அதில் மீண்டும் டாப் கேட்டாகப் பேசினார். அதன்பின் இப்பூனைகளைத் திரைக்குக் கொண்டுவந்தது மெக்சிகோவே. அந்நாட்டின் அனிமா எஸ்தூதியோஸ் நிறுவனம், அர்ஜென்டினா நிறுவனம் ஒன்றுடன் இணைந்து தயாரித்த முழுநீளத் திரைப்படம், மெக்சிகோவின் விடுதலை நாளான செப்டம்பர் 16 அன்று 2011இல் அங்கு வெளியாகி மக்களைத் திரளாக ஈர்த்தது. 2015இல் கூட்டம் உருவான கதையைச் சொல்லும் கணினி அசைவூட்டப் படமும் அதே நிறுவனத்திடமிருந்து வந்தது.

அமெரிக்காவில் 30 அத்தியாயங்களோடு முடிந்த ஒரு தொடருக்கு, அரை நூற்றாண்டு கழித்து வேறொரு நாடு தன் பணத்தில் திரைப்படம் எடுத்தது. செலவைக் குறைப்பதற்காகப் பேச்சை நம்பிய தொடர், அந்தப் பேச்சை நன்றாக மொழிபெயர்த்தவர்களால் மறுவாழ்வு பெற்றது. மொழிமாற்றக் கலைஞர்களின் உழைப்பு ஒரு படைப்பின் ஆயுளையே நீட்டிக்கக்கூடும் என்பதற்கு டாப் கேட் ஒரு சிறந்த எடுத்துக்காட்டாகும்.