பீரோவில் தூங்கும் பிளான்

சென்னையில் மயிலாப்பூரிலோ அடையாறிலோ 20, 25 வருடப் பழைய ஃபிளாட்டை விற்கப் போகிறவரிடம், வாங்குபவரின் வங்கி வக்கீல் முதலில் கேட்பது தாய்ப்பத்திரம், வில்லங்கச் சான்றிதழ், பட்டா. இவை எல்லாம் கையில் இருக்கும். அடுத்த கேள்விக்குத்தான் பலர் விழிக்கிறார்கள்: "அப்ரூவ்டு பிளான் எங்கே? பணி நிறைவுச் சான்றிதழ் வாங்கினீர்களா?"

"சொத்து வரி ஒழுங்காகக் கட்டுகிறோமே, ஈ.பி. மீட்டர் இருக்கிறதே" என்பது வழக்கமான பதில். வரி ரசீது கட்டட அனுமதி ஆகாது. விதிமீறிக் கட்டிய தளத்துக்கும் மாநகராட்சி வரி வாங்கும்.

பிளானைத் தேடியெடுத்து விரித்து, கையில் வைத்தபடி கட்டடத்தைச் சுற்றி வந்தால் விஷயம் புரியும். கார் நிறுத்த என்று கோடு போட்ட இடத்தில் ஷட்டர் போட்ட கடை. பக்கவாட்டில் காலியாக விடவேண்டிய இடத்தில் பாதி தூரத்துக்கு நீட்டிக்கொண்டிருக்கும் பால்கனி. தண்ணீர்த் தொட்டி மட்டும் வரைந்திருந்த மொட்டை மாடியில் ஒரு முழு வீடு. பில்டர் சாவியைக் கொடுத்துவிட்டுப் போனார். கட்டியது பிளான்படிதானா என்று சரிபார்த்துத் தரும் பணி நிறைவுச் சான்றிதழை யாரும் வாங்கவில்லை.

இப்படிப்பட்ட கட்டடங்களைக் கட்டணம் வாங்கிக்கொண்டு வரன்முறைப்படுத்த 1998இல் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டத்தில் 113-ஏ பிரிவைச் சேர்த்தார்கள். ஒருமுறை மட்டும் என்று வந்த சலுகை திரும்பத் திரும்ப நீட்டிக்கப்பட்டது. 2006இல் சென்னை உயர் நீதிமன்றம், 1999 பிப்ரவரி 28 வரையிலான கட்டடங்களுக்கான முதல் திட்டத்தை மட்டும் ஏற்று, பிந்தைய நீட்டிப்புகளை ரத்து செய்தது. பிறகு வந்த 113-சி, 2007 ஜூலை 1 வரை கட்டி முடித்தவற்றுக்கானது. அதற்கான விதிகள் 2017இல் வெளியாயின. அடுத்த சலுகை வரும் என்று காத்திருந்த பழக்கமே இந்த ஊரில் விதிமீறலை வளர்த்தது.

தி.நகர் ரங்கநாதன் தெருவில் 2011 அக்டோபர் 31 அன்று விதிமீறிய கடைகளுக்கு சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம் (சி.எம்.டி.ஏ.) சீல் வைத்தது. 2012 ஜனவரியில் உச்ச நீதிமன்ற அனுமதியோடு அவை தற்காலிகமாகத் திறந்தன. வழக்காடும் வசதி பெரிய கடைகளுக்கு உண்டு. ஓய்வூதியப் பணத்தில் ஃபிளாட் வாங்கியவருக்கு ஏது?

2024இல் தமிழகக் கட்டட விதிகள் தளர்ந்து, 750 சதுர மீட்டருக்குள் 8 வீடுகள் வரையுள்ள சிறு குடியிருப்புகளுக்குப் பணி நிறைவுச் சான்றிதழ் தேவையில்லை என்றானது. விலக்கு சான்றிதழுக்குத்தான், விதிமீறலுக்கு இல்லை. அதே ஆண்டு டிசம்பரில் உச்ச நீதிமன்றம், இந்தச் சான்றிதழைச் சரிபார்த்த பிறகே வங்கிகள் கடன் தரவேண்டும் என்றது.

ஆகவே விற்கும் நேரம் வரை காத்திருக்க வேண்டாம். பிளான் தொலைந்திருந்தால் சி.எம்.டி.ஏ.விலோ மாநகராட்சியிலோ தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் நகல் கேட்கலாம். கடன் கொடுத்த வங்கியிலும் ஒரு பிரதி இருக்கக்கூடும். பதிவுபெற்ற பொறியாளரைக் கொண்டு அளந்து ஒப்பிடுங்கள். மனையின் பரப்பைப்போல் எத்தனை மடங்கு தளப்பரப்பு கட்டலாம் என்று சொல்லும் தளப்பரப்புக் குறியீடு, முன்பு 1.5 ஆக இருந்தது 2019 கட்டட விதிகளில் 2 ஆனதால், அன்று அதிகப்படியாக இருந்த ஓர் அறை இன்று வரம்புக்குள் வரலாம். அதற்குத் திருத்திய பிளான் போட்டு அனுமதி கேட்க வழியிருக்கிறதா என்று பாருங்கள். பக்கவாட்டு இடைவெளியை விழுங்கிய சுவருக்கு இந்த உயர்வு உதவாது. இடிப்பதுதான் தீர்வு என்றால், நோட்டீஸ் வருவதற்கு முன் நீங்களே இடித்துவிடுங்கள்.