திமிங்கிலம் அறுத்த மேடை

"கடலைப் பாக்குறதுக்கா இம்புட்டு ரூவா? ஏட்டி, நம்ம மொட்டமாடியில ஏறினாத் தெரியுதே."

டாங்கலூமா விடுதியில் அறை பதிவு செய்ததைச் சொன்னதும் அம்மா கேட்டது இது. தூத்துக்குடிக்காரிக்குக் கடல் என்பது மீன் வருகிற திசை. காசு கட்டி அதன் ஓரத்தில் படுத்துக்கிடப்பது அவளுக்குப் பிடிபடவில்லை. ஆனால் ஊரிலிருந்து வந்த நாள் முதல், சிட்னி வென்ட்வொர்த்வில் வீட்டில் ஹீட்டர் முன்னால் ஸ்வெட்டர் மேல் ஸ்வெட்டர் போட்டு உட்கார்ந்திருந்தவளை வெயிலடிக்கும் இடத்துக்குக் கூட்டிப் போயே ஆகவேண்டியிருந்தது. ஜூலை மாதம், பள்ளிகளுக்கு விடுமுறை. சிட்னி, மெல்பர்ன் குடும்பங்கள் இந்தச் சமயத்தில் குயின்ஸ்லாந்துக்குக் கிளம்புவதே குளிருக்குப் பயந்துதான்.

டாங்கலூமா இருப்பது மோர்ட்டன் தீவில். பிரிஸ்பேன் நகரத்துக்கு எதிரே, மோர்ட்டன் விரிகுடாவின் கிழக்கு வேலியாக வடக்குத் தெற்காகக் கிடக்கும் தீவு. நீளம் சுமார் 37 கிலோமீட்டர். தென் அட்சரேகை 27. மகர ரேகைக்குக் கீழே இருப்பதால் வெப்பமண்டலக் கொதிப்பு கிடையாது. சிட்னிக் குளிரும் கிடையாது. ஜூலையில் பகலில் 20 டிகிரியை ஒட்டி இருக்கும். சிட்னியிலிருந்து ஒன்றரை மணி நேரம் விமானம், பிறகு பிரிஸ்பேன் விமான நிலையத்துக்குப் பக்கத்திலேயே உள்ள பிங்கன்பா துறையிலிருந்து 75 நிமிடம் படகு. கார் கொண்டுபோக வேண்டியதில்லை. சாதாரணக் காருக்கு அங்கே வேலையும் இல்லை. விடுதி எல்லையைத் தாண்டினால் தார்ச்சாலை என்பதே கிடையாது; நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டிகள் மட்டும் மணலில் உறுமிக்கொண்டு போகும்.

மணல் என்றால் அப்படியொரு மணல். தீவே மணல்தான், வடமுனையில் கொஞ்சம் பாறையைத் தவிர. நடுவில் இருக்கும் டெம்பஸ்ட் குன்று 280 மீட்டருக்கும் மேல். உலகத்துக் கடலோர மணற்குன்றுகளில் மிக உயரமானவற்றில் ஒன்று. இவ்வளவு மணலும் எங்கிருந்து வந்தது என்று விசாரித்தால் பதில் எங்கள் வீட்டுப் பக்கம் வந்து நிற்கிறது. நியூ சவுத் வேல்ஸ் ஆறுகள் கடலில் கொட்டிய மணலைத் தென்கிழக்கிலிருந்து வரும் அலைகள் கரையோரமாகவே வடக்கே தள்ளிக்கொண்டு போயிருக்கின்றன, பல லட்சம் ஆண்டுகளாக. நாங்கள் ஒன்றரை மணி நேரத்தில் பறந்த வழிதான்.

விடுதி நடப்பதும் இந்த மணலின் தயவில்தான். பெய்கிற மழை மணலுக்குள் வடிகட்டி இறங்கி, அடியில் இருக்கும் உப்புநீரின் மேல் எடை குறைந்த நன்னீராக மிதந்து நிற்கிறது. துளை போட்டால் நல்ல தண்ணீர். அம்மாவுக்கு இதை விளக்க நான் மெனக்கெடவே இல்லை. "நாழிக்கிணறு" என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டாள். திருச்செந்தூரில் அலையடிக்கும் தூரத்தில் இனிக்கிற தண்ணீரில் குளித்து வளர்ந்தவளுக்குக் குயின்ஸ்லாந்து நிலத்தடி நீரியலில் புதிதாக ஒன்றும் இல்லை.

பெரிய விடுதி என்று சொன்னாலும் உண்மையில் அது ஒரு சிறு ஊர். மேற்குப் பார்த்த கடற்கரை நெடுக அறைகள், அடுக்குமாடிகள், தனி வீடுகள். நடுவில் சாப்பாட்டுக் கடைகள், நீச்சல் குளங்கள், ஒரு மளிகைக் கடை. வேலை செய்கிறவர்களும் தீவிலேயே குடியிருக்கிறார்கள். அரிசி முதல் சோப்பு வரை படகில் வரவேண்டும். சமையலறை உள்ள வீடாகக் கேட்டு வாங்கினால் குடும்பத்துக்குக் கட்டுப்படியாகும். அம்மா சிட்னியிலேயே நெத்திலிக் கருவாடு வாங்கிப் பெட்டியின் அடியில் சுருட்டி வைத்திருந்தது எனக்கு அங்கே போய்த்தான் தெரிந்தது. குழம்பு கொதித்த அரைமணி நேரத்தில் எங்கள் பால்கனிக் கம்பியில் இரண்டு கூக்கபுராப் பறவைகள் வந்து உட்கார்ந்துகொண்டன. மீன்கொத்தி இனம்; வேறெப்படி இருக்கும்? அவற்றுக்குத் தீனி போடக்கூடாது என்று அம்மாவுக்கு வாய் வலிக்கச் சொன்னேன்.

மறுநாள் காலை என் மகன் பந்தை எடுத்துக்கொண்டு பெரிய கூரை போட்ட ஒரு தளத்துக்கு ஓடினான். பிள்ளைகள் கூட்டமாக விளையாடிக்கொண்டிருந்தார்கள். அந்தத் தளம் ஒரு காலத்தில் திமிங்கிலங்களைத் தோலுரித்த மேடை.

1952-இல் இங்கே திமிங்கில வேட்டை நிலையம் திறந்தார்கள். வேட்டைப் படகுகளும், குறி தப்பாமல் ஈட்டித் துப்பாக்கி சுடும் ஆட்களும் நார்வேயிலிருந்து வந்தார்கள். கூன்முதுகுத் திமிங்கிலங்கள் ஆண்டுதோறும் குளிர்காலத்தில் அண்டார்டிகாவிலிருந்து புறப்பட்டு, குட்டி போட வெதுவெதுப்பான நீர் தேடி ஆஸ்திரேலியாவின் கிழக்குக் கரையோரம் வடக்கே போகும்; குட்டியோடு தெற்கே திரும்பும். போகிற வழியில் மோர்ட்டன் முனையைச் சுற்றியே ஆகவேண்டும். அங்கே காத்திருந்தால் போதும். சுட்டதை இழுத்துவந்து, சறுக்குத் தளத்தில் இரும்புக் கயிற்றால் மேலேற்றி, நீண்ட வளைகத்திகளால் கொழுப்பைப் பாளம் பாளமாக உரித்து, கொதிகலனில் எண்ணெய் எடுத்தார்கள். அந்த எண்ணெய் சோப்பாகவும் மார்ஜரினாகவும் வீடுகளுக்குப் போனது.

பத்து ஆண்டுகள். 6,277 கூன்முதுகுத் திமிங்கிலங்கள், ஒரு நீலத்திமிங்கிலம். 1962-இல் நிலையத்தை மூடினார்கள். இரக்கப்பட்டு மூடவில்லை. கடலில் திமிங்கிலம் தீர்ந்துபோனது. தாவர எண்ணெய் மலிவாகவும் கிடைக்க ஆரம்பித்தது. நியூ சவுத் வேல்ஸின் பைரன் பேயில் 1954-இல் தொடங்கிய நிலையமும் 1962-இலேயே மூடப்பட்டது. பழியை முழுக்க இவர்கள் தலையில் மட்டும் கட்டவும் முடியாது. 1959 முதல் 1961 வரையான இரண்டு பருவங்களில் சோவியத் கப்பல்கள் தென்பெருங்கடலில் சுமார் 25,000 கூன்முதுகுத் திமிங்கிலங்களைக் கணக்கில் காட்டாமல் கொன்றன. ரஷ்ய அறிவியலாளர்களே அதை வெளியே சொன்னது 1990-களில்தான். கிழக்குக் கரையில் ஒரு காலத்தில் பல ஆயிரமாகப் போய்வந்த இனம் சில நூறுக்கு வந்துவிட்டது. 1963-இல் தென்கோளக் கூன்முதுகுத் திமிங்கிலத்தை வேட்டையாடச் சர்வதேசத் தடை வந்தது. ஆஸ்திரேலியாவின் கடைசி நிலையம், மேற்கே ஆல்பனியில் இருந்தது, 1978 வரை வேறு இனத் திமிங்கிலங்களைப் பிடித்துக்கொண்டிருந்தது.

விடுதி வந்தது 1963-இல், அந்தக் காலியான நிலையத்தின் மேல். இறங்குதுறை இருந்தது, தங்குமிடம் இருந்தது, தண்ணீர் இருந்தது. இடத்தை வாங்கியவர்கள் அதையே சுற்றுலாவுக்குத் திருப்பிக்கொண்டார்கள். இன்று அதே கூன்முதுகுத் திமிங்கிலத்தைக் காட்ட அங்கிருந்து படகு புறப்படுகிறது. கிழக்குக் கரையில் அவற்றின் எண்ணிக்கை 40,000-ஐத் தாண்டிவிட்டது என்பது ஆய்வாளர் கணக்கு. 2022-இல் ஆஸ்திரேலிய அரசு அழியும் நிலையிலுள்ள உயிரினப் பட்டியலிலிருந்தே இதன் பெயரை எடுத்துவிட்டது. ஒரு திமிங்கிலத்தை ஒரே ஒரு முறைதான் எண்ணெயாக்க முடியும். காட்டிக் காசு பார்ப்பதென்றால் வருடா வருடம் பார்க்கலாம். இந்தக் கணக்கை டாங்கலூமா 6,000 திமிங்கிலம் செலவழித்த பிறகு கண்டுபிடித்தது.

படகிலிருந்து தூரத்தில் ஒரு முதுகு எழும்பி மூச்சு விட்டபோது எல்லோரும் கத்தினார்கள். அம்மா மட்டும் வாயைத் திறக்கவில்லை. பிறகு என் மகனிடம் மணப்பாட்டுக் கதையைச் சொல்ல ஆரம்பித்தாள். 2016 ஜனவரியில், எங்கள் தூத்துக்குடிப் பக்கத்து மணப்பாடு கரையோரம் எண்பதுக்கும் மேற்பட்ட சிறு திமிங்கிலங்கள் கூட்டமாக வந்து ஒதுங்கின. மீனவர்கள் படகில் கட்டி ஆழத்துக்கு இழுத்துக்கொண்டு போய் விட்டார்கள். பல திரும்பவும் கரைக்கே வந்தன. 1973-லும் அதே கரையில் 147 ஒதுங்கியிருக்கின்றன.

"ஏன் ஆச்சி திரும்பி வந்துச்சு?"

"கூட்டத்துல ஒண்ணு கரையில கெடந்தா மத்தது வுட்டுட்டுப் போவாதாம்ல."

மீனவர்கள் சொல்வதும், கடல் ஆய்வாளர்கள் அந்த இனத்தைப் பற்றிச் சொல்வதும் ஏறத்தாழ இதுதான்.

விடுதிக்கு ஆட்கள் வருவது பெரும்பாலும் ஓங்கிலுக்காக, அதாவது டால்பினுக்காக. 1992-இல் ஒரு பெண் ஓங்கில் இறங்குதுறை வெளிச்சத்தடியில் வந்து மீன் வாங்கித் தின்னப் பழகியது. அதற்கு 'பியூட்டி' என்று பெயர். அதன் உறவும் குட்டிகளுமாக ஒரு சிறு கூட்டம் இன்றும் அந்தி நேரத்தில் வருகிறது. காட்டு ஓங்கில்கள், வேலி, வலை ஒன்றும் கிடையாது. வரவேண்டும் என்று கட்டாயமும் இல்லை.

எனக்கு இதில் ஒரு சந்தேகம் இருந்தது. காட்டு விலங்குக்குத் தீனி போட்டுப் பழக்குவது எப்படி நல்லதாகும்? மேற்கு ஆஸ்திரேலியாவின் மங்கி மியாவில் இது ஒரு காலம் வரை கட்டுப்பாடில்லாமல் நடந்தது. தாய்கள் கரையிலேயே மீனுக்காகக் காத்துக் கிடந்தன. குட்டிகள் பாலில்லாமலும் சுறாவிடம் சிக்கியும் அதிகமாகச் செத்தன. அதைப் பார்த்த பிறகு 1990-களில் அங்கே அளவு குறைத்தார்கள். டாங்கலூமாவிலும் ஓங்கிலின் ஒருநாள் தேவையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் கொடுப்பதில்லை. மிச்சத்தை அது தானே வேட்டையாட வேண்டும். எந்த ஓங்கில் எத்தனை மீன் தின்றது என்று குறித்துக்கொள்கிறார்கள். தொடக்கூடாது. கையைக் கழுவிவிட்டுத்தான் மீனைத் தொட வேண்டும். சன்ஸ்கிரீன் பூசிய கையோடு இறங்கக்கூடாது.

அம்மா சேலையை முட்டிக்கு மேல் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினாள். பக்கத்தில் பணிப்பெண். அம்மா மீனை நீருக்கடியில் நீட்டியதும் சாம்பல் நிற மூக்கு ஒன்று வந்து பதமாக வாங்கிக்கொண்டது. இன்னொன்று கொடுக்கலாமா என்று சைகையில் கேட்டாள். அந்தப் பெண் சிரித்துக்கொண்டே இல்லை என்று தலையாட்டினாள். கரையேறிய பிறகு அம்மா சொன்னாள்: "நல்ல கண்டிசனான புள்ள. நம்ம ஊர்ல கோயில் யானைக்குக் கண்டவனும் பழம் குடுக்கான்." என் சந்தேகம் முழுக்கத் தீர்ந்துவிட்டது என்று சொல்லமாட்டேன். ஆனால் ஒரு வியாபாரம் தன் கையைத் தானே இவ்வளவு கட்டிக்கொள்வதை நான் அதிகம் பார்த்ததில்லை.

மனிதரும் ஓங்கிலும் இங்கே பழகியது விடுதி வந்த பிறகு அல்ல. பக்கத்துத் தீவான வட ஸ்ட்ராட்புரோக்கின் அமிட்டி முனையில் பூர்வகுடியினர் ஈட்டியால் தண்ணீரை அடிக்க, ஓங்கில்கள் மடவை மீன் கூட்டத்தைக் கரைப்பக்கம் விரட்டிவந்ததை 19-ஆம் நூற்றாண்டு வெள்ளைக்காரர்கள் நேரில் பார்த்து எழுதிவைத்திருக்கிறார்கள். மோர்ட்டன் தீவின் பழைய பெயர் முல்கம்பின். அதன் மீது பூர்வகுடிகளான குவாண்டமூக்கா மக்களுக்குள்ள நிலவுரிமையை 2019 நவம்பரில் நீதிமன்றம் ஏற்றது. தீவில் பெரும்பகுதி தேசியப் பூங்கா. அதன் பெயரும் இப்போது கீபுலம் குனுங்காய்.

விடுதியிலிருந்து கரையோரமாக வடக்கே நடந்தால் துருப்பிடித்த கப்பல்கள் வரிசையாக நிற்கும். விபத்தில் மூழ்கியவை அல்ல. சிறு படகுகளுக்கு அலைத்தடுப்பு வேண்டும் என்று 1963 முதல் பழைய தூர்வாரும் கப்பல்களையும் பார்ஜ்களையும் குயின்ஸ்லாந்து அரசே கொண்டுவந்து மூழ்கடித்தது, மொத்தம் 15. பவளமும் மீனும் ஏறி, இப்போது கண்ணாடி மாட்டிக்கொண்டு மிதந்து பார்க்கிறவர்கள் கூட்டம். நீரோட்டம் வேகமாக இருக்கும். அலைவற்றம் பார்த்துத்தான் இறங்க வேண்டும். நீச்சல் சுமாராகத் தெரிந்தவர்கள் வழிகாட்டியோடு போவது நல்லது. மணல் மேட்டிலிருந்து மெழுகு தடவிய பலகையில் குப்புறப் படுத்துச் சறுக்குவது இன்னொன்று. மகனுக்கு அதுதான் சொர்க்கம். எனக்குப் பல்லிடுக்கில் மணல்.

ஆவுளியா பார்க்க முடியவில்லை. கடற்பசு என்று புத்தகத்தில் இருப்பதைத்தான் பாக் விரிகுடா மீனவர்கள் அப்படிச் சொல்வார்கள். மோர்ட்டன் விரிகுடாவின் கடற்புல் மேட்டில் அவை நூற்றுக்கணக்கில் மேய்கின்றன, இருபது லட்சத்துக்கும் மேல் மக்கள் வாழும் ஒரு நகரத்தின் வாசலில். நம் பக்கத்தில் மிஞ்சியிருப்பவற்றுக்காகத் தமிழ்நாடு அரசு 2022-இல் பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டரைக் காப்பகமாக அறிவித்தது.

போக நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள். திமிங்கிலம் பார்க்க ஜூன் கடைசியிலிருந்து அக்டோபர் வரை. கோடையில் நீச்சலுக்கு நல்லது, ஆனால் மழையும் கொசுவும் உண்டு. காலையில் போய் மாலையில் திரும்பும் பயணமும் உண்டு. ஆனால் எல்லாப் பயணத்திலும் ஓங்கிலுக்கு மீன் கொடுக்க முடியாது. எல்லா அறைக் கட்டணத்திலும் அது சேர்ந்திருக்காது, பதிவு செய்யும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். சளி, இருமல் இருந்தால் தண்ணீரில் இறங்க விடமாட்டார்கள். மனிதக் கிருமி ஓங்கிலுக்குத் தொற்றிவிடும் என்ற பயம். ஊரிலிருந்து வரும் அம்மா அப்பாவுக்கு ஆஸ்திரேலியக் குளிரில் முதல் வாரமே மூக்கு ஒழுக ஆரம்பித்துவிடும். அதனால் அவர்களை விமானத்திலிருந்து இறக்கிய கையோடு தீவுக்கு அழைத்துப் போகாமல், வீட்டில் பத்து நாள் தேறவிட்டுக் கிளம்புங்கள்.