கொம்பைச் சரியாகப் போடும் இன்ஜின் எது?

தாராவியின் மாநகராட்சித் தமிழ்ப் பள்ளிப் பிள்ளைகளுக்கும், வீட்டில் மட்டும் தமிழ் புழங்கும் மாதுங்கா, செம்பூர் இளைஞர்களுக்கும் ஒரு மொபைல் விளையாட்டு செய்யத் தனி ஆள் ஒருவர் இறங்கினால், முதலில் எழுவது எந்த கேம் இன்ஜின், அதாவது விளையாட்டை உருவாக்கும் அடிப்படை மென்பொருள், என்ற கேள்விதான். வழக்கமான ஒப்பீடுகள் வெளிச்சம், நிழல், பளபளப்பைப் பார்த்தே தீர்ப்புச் சொல்லிவிடும். எழுத்தை யாரும் பார்ப்பதில்லை. மும்பைக்காரருக்கோ, எழுத்தும் உரிமமும்தான் முதல் சோதனையாக இருக்க வேண்டும்.

'கொடி' என்பதைக் கணினி க, ஒகரக் குறி, ட, இகரக் குறி என்ற வரிசையில் சேமிக்கிறது. திரைக்கு வரும்போது ஒகரக் குறி இரண்டாகப் பிரிந்து, கொம்பு ககரத்துக்கு முன்னும் கால் பின்னும் போய் உட்கார வேண்டும். 'டி'யில் குறி எழுத்தோடு ஒட்டி உருமாற வேண்டும். இந்த வேலையைச் செய்வது ஹார்ஃப்பஸ் போன்ற எழுத்தமைப்பு மென்பொருள். அது இல்லாவிட்டால் கொம்பும் காலும் சேர்ந்தே ககரத்துக்குப் பின்னால் தொங்கும். மராத்தியிலும் இந்தியிலும் குறில் இகரக் குறி எழுத்துக்கு முன்னால் வருவதால் அங்கும் இதே கோளாறுதான். மும்பையில் இந்த மூன்று மொழியும் வேண்டும். 2023 மார்ச்சில் வந்த கோடோ 4 இன்ஜின் ஹார்ஃப்பஸ்ஸை உள்ளேயே வைத்திருக்கிறது. அன்ரியல் இன்ஜினிலும் அது உண்டு. யூனிட்டி இன்ஜினில் எழுத்தைக் காட்டப் பரவலாகப் புழங்கும் டெக்ஸ்ட்மெஷ் ப்ரோவில் அது இல்லை. பாமினி மாதிரிப் பழைய எழுத்துருவுக்கு மாற்றி ஒப்பேற்ற வேண்டும், ஒரு வசனத்தைத் திருத்தினாலும் மறுபடி மாற்ற வேண்டும். யூனிட்டி 6 இந்தக் குறையைத் தீர்க்கத் தொடங்கியிருக்கிறது, ஆனால் திரை இடைமுகம் அமைக்கும் அதன் யூஐ டூல்கிட்டில் மட்டும்.

அடுத்தது உரிமம். 2023 செப்டம்பர் 12 அன்று யூனிட்டி, குறிப்பிட்ட வருமானமும் நிறுவல் எண்ணிக்கையும் தாண்டிய விளையாட்டுகளுக்கு, ஒவ்வொரு புதிய நிறுவலுக்கும் 20 சென்ட் வரை கட்டணம் என்று அறிவித்தது. விளம்பரத்தை நம்பி இலவசமாகக் கொடுக்கும் நம் ஊர் விளையாட்டு, ஒரு நிறுவலில் அவ்வளவு சம்பாதிப்பதே அரிது. எதிர்ப்புக்குப் பின் திட்டத்தைத் தளர்த்தினார்கள், சரியாக ஓராண்டு கழித்துக் கைவிட்டார்கள். கைவிட்டாயிற்றே, இன்னும் என்ன பயம் என்பார்கள். ஒருமுறை நடுவழியில் விதியை மாற்றியவர் மறுமுறை மாற்றமாட்டார் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. யாரும் கட்டணமின்றிப் பயன்படுத்த விடும் எம்ஐடி உரிமத்தில் வரும் கோடோவில் இந்தச் சிக்கலே கிடையாது. இன்று இறக்கிய பதிப்பு என்றும் இலவசம். அன்ரியல், வருமானம் 10 லட்சம் டாலரைத் தாண்டிய பிறகே 5 சதவீதம் கேட்கிறது. புனேயில் உருவான 'ராஜி' (2020) விளையாட்டு அந்த இன்ஜினின் வலுவைக் காட்டியது, ஆனால் சாதாரண போனில் ஓட வேண்டிய சின்ன விளையாட்டுக்கு அது தேவைக்கு மீறிய கனம்.

யூனிட்டிக்காகப் பேசுகிறவர்களிடம் நியாயம் இல்லாமல் இல்லை. ஸ்டுடியோ வேலை தேடுபவருக்கு அதுதான் கைகொடுக்கும். விளம்பர இணைப்புகளும் பயிற்சிப் பாடங்களும் அங்கேதான் மிகுதி. பிளேஸ்டேஷன், நின்டெண்டோ பக்கம் போக கோடோவில் வெளியார் உதவி வேண்டும். தமிழில் யார் விளையாடுவார் என்ற கேள்வியை மட்டும் ஏற்க முடியாது: கனடாவின் தமிழ்க் குடும்பமொன்றைச் சமையல் வழியே சொன்ன 'வெண்பா' விளையாட்டு 2024இல் பிரிட்டனின் பாஃப்டா விருது வாங்கிவிட்டது.

எனவே தனி ஆள், பல மொழி, விலை குறைந்த போன் என்ற மூன்றும் சேர்ந்தால் கோடோ. முப்பரிமாணக் கன்சோல் கனவு என்றால் அன்ரியல். எதை இறக்கினாலும் படம் வரைய உட்காரும் முன், கொ, கௌ, டி, ஸ்ரீ நான்கையும் தட்டி, உங்களிடம் உள்ள மிகப் பழைய ஆண்ட்ராய்டு போனில் ஓட்டிப் பாருங்கள்.