இரு நாட்டுப் பிரஜை எந்தச் சேனைக்குச் சிப்பாய்?

பிறக்கும் குழந்தையின் சம்மதத்தைக் கேட்டுக்கொண்டு எந்த ராஜ்யமும் அதைத் தன் பிரஜையாக ஏற்பதில்லை. பிறந்த மண்ணைப் பார்க்கும் சட்டம் ஒரு பிரஜாவுரிமையையும், தாய் தகப்பனின் ரத்த பந்தத்தைப் பார்க்கும் வேறொரு தேசத்தின் சட்டம் இன்னொரு பிரஜாவுரிமையையும் அதன்மேல் சாற்றிவிட, இரண்டையும் சுமந்துகொண்டு வளரும் அந்தப் பிள்ளை, இரண்டு பாஸ்போர்ட் வைத்திருப்பது சௌகரியம் என்றே எண்ணிக் காலத்தைக் கழிக்கிறான். பூர்வீக ஆஸ்தியோடு பூர்வீகக் கடனும் வாரிசின் தலையில் வந்து விடிவதுபோல, அந்த இரண்டாவது பாஸ்போர்ட்டுக்குப் பின்னால் ஒரு சேனையும், அந்தச் சேனைக்கு ஆள் சேர்க்கும் ஒரு சட்டமும் இருப்பது, வாலிப வயதில் படிப்புக்காகவோ தாத்தா பாட்டியைப் பார்ப்பதற்காகவோ அந்த நாட்டில் போய் இறங்கிய பிறகுதான் பலருக்குத் தெரியவருகிறது.

தேச ரட்சணைக்காக ஆயுதம் ஏந்துவது ஆண்மக்கள் அனைவருக்கும் பொதுவான கடமை என்று கட்டாய ராணுவ சேவையை விதித்திருக்கும் நாடுகள் இன்றும் பல உண்டு. அந்தக் கொள்கையைக் குறைகூறுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. ஒரே மனிதனை இரண்டு தேசங்கள் ஏககாலத்தில் சொந்தம் கொண்டாடினால், அவன் எந்தக் கொடியின் கீழ் அணிவகுக்க வேண்டும் என்பதை எந்த நியாயத்தைக் கொண்டு தீர்மானிப்பது என்பதுதான் நாம் எடுத்துக்கொள்ளும் விஷயம். ராஜதந்திரிகளையும் நீதிபதிகளையும் நெடுங்காலம் திணறவைத்த இந்தக் கேள்விக்கு நல்ல விடையொன்று 1930ஆம் வருஷத்திலேயே கிடைத்துவிட்டது. கிடைத்த விடையைப் பல ராஜ்யங்கள் கைக்கொள்ளாமல் விட்டதன் பலனையே வாலிபர்கள் இன்றும் அநுபவித்து வருகிறார்கள்.

சாகும்வரை நீங்காத விசுவாசம்

பழைய இங்கிலாந்தில் இந்தக் கேள்வி எழுவதற்கே இடமில்லாதிருந்தது. அரசனுடைய ஆளுகைக்குள் பிறந்தவன் ஆயுள் உள்ளவரை அவனுக்கு விசுவாசமாக இருக்கக் கடமைப்பட்டவன் என்று 1608ஆம் வருஷத்தில் கால்வின் வழக்கில் நிலைநாட்டப்பட்ட சித்தாந்தம் இரண்டரை நூற்றாண்டுக் காலம் அசையாமல் நின்றது. நெப்போலியனோடு யுத்தம் நடத்திக்கொண்டிருந்த நாட்களில், ஆள் போதாமல் தவித்த பிரிட்டிஷ் கடற்படை, அமெரிக்கக் கப்பல்களை நடுக்கடலில் மறித்து, அவற்றிலிருந்த மாலுமிகளில் பிரிட்டனில் பிறந்தவர்களைப் பிடித்துக்கொண்டு போயிற்று. தாங்கள் அமெரிக்கப் பிரஜைகளாகிவிட்டதற்கு அவர்கள் காட்டிய பத்திரங்கள் செல்லாக் காகிதங்களாயின. 1807ஆம் வருஷம் ஜூன் மாதத்தில் வர்ஜீனியாக் கரைக்கு அப்பால், 'லெப்பர்ட்' என்ற பிரிட்டிஷ் கப்பல் 'செசபீக்' என்ற அமெரிக்க யுத்தக் கப்பலைப் பீரங்கியால் சுட்டு, நான்கு மாலுமிகளை இழுத்துச் சென்றது. அவர்களில் ஒருவன் தூக்கிலிடப்பட்டான். 1812ல் அவ்விரு தேசங்களுக்கிடையே மூண்ட போருக்கு இந்த ஆள்பிடிப்பும் ஒரு காரணம் என்றாலும், போரை முடித்த உடன்படிக்கையில் அதைப் பற்றி ஒரு வார்த்தைகூடக் காணப்படவில்லை.

கடலில் பிரிட்டன் செய்ததை நிலத்தில் பிரஷ்யா செய்தது. ராணுவ சேவை செய்யாமலே ஜெர்மானிய நாடுகளை விட்டு வெளியேறி, அமெரிக்காவில் குடியேறி, அந்நாட்டுப் பிரஜைகளாகவும் ஆகிவிட்ட வாலிபர்கள், பெற்றோரைப் பார்க்கச் சொந்த ஊருக்குத் திரும்பியபோது, பட்டாளத்துக்கு வராமல் ஓடியவர்கள் என்று பிடிபட்டார்கள். சரித்திராசிரியராகவும் பெர்லினில் அமெரிக்கத் தூதராகவும் இருந்த ஜார்ஜ் பான்கிராஃப்ட், 1868ஆம் வருஷம் பிப்ரவரி 22ஆம் தேதி வடஜெர்மன் கூட்டாட்சியோடு செய்துகொண்ட உடன்படிக்கை, ஐந்து வருஷம் இடைவிடாமல் அமெரிக்காவில் வசித்து அந்நாட்டுப் பிரஜையானவனைப் பழைய ராஜ்யமும் அமெரிக்கனாகவே ஏற்க வேண்டும் என்று விதித்தது. 1870ல் பிரிட்டனும் தன் பழைய சித்தாந்தத்தைக் கைவிட்டது.

இந்த ஏற்பாடுகளெல்லாம் வயது வந்து, யோசித்து, ஒரு நாட்டை விட்டு மற்றொரு நாட்டை வரித்துக்கொண்டவர்களுக்கு உதவினவேயன்றி, பிறக்கும்போதே இரண்டு நாடுகளுக்கும் உரியவர்களானவர்களின் சிக்கலை அவிழ்க்கவில்லை. சிப்பாய்களின் தேவையோ பிரஜைகளைப் பெருக்கும் ஆசையைத் தூண்டிற்று. பிரான்ஸில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தும் அந்நியர் என்ற பெயரால் ராணுவ சேவைக்குத் தப்பிக்கொண்டிருந்த குடும்பங்களின்மீது, பிள்ளைகளைப் பாசறைக்கு அனுப்பிய பிரெஞ்சுக் குடும்பங்கள் கொண்ட மனத்தாங்கலே, 1889ஆம் வருஷத்துப் பிரஜாவுரிமைச் சட்டத்துக்கு ஒரு முக்கியமான தூண்டுகோல். பிரான்ஸில் பிறந்த தகப்பனுக்குப் பிரான்ஸிலேயே பிறந்த பிள்ளை, விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் பிரெஞ்சுக்காரனே என்று அச்சட்டம் சொல்லிவிட்டது.

ஹேக் நகரில் கிடைத்த விடை

சர்வதேச சங்கத்தின் ஆதரவில் 1930ஆம் வருஷம் ஹேக் நகரில் கூடிய மகாநாடு, ஏப்ரல் 12ஆம் தேதி, இந்த ஒரு விஷயத்துக்கென்றே தனியாக ஓர் உடன்பாட்டை வெளியிட்டது. இரண்டு நாட்டுப் பிரஜாவுரிமை உள்ளவன் அவற்றில் ஒரு நாட்டிலேயே வழக்கமாக வசித்து, மெய்யான தொடர்பும் அந்நாட்டோடேயே மிகுதியாகக் கொண்டிருந்தால், மற்ற நாட்டின் ராணுவக் கடமைகள் அவனைப் பற்றமாட்டா. அந்த விலக்கின் விளைவாக அந்த மற்ற நாட்டுப் பிரஜாவுரிமையை அவன் இழக்கவும் நேரலாம் என்பதே அதன் சாரம். மேஜரானதும் ஒரு பிரஜாவுரிமையைத் துறக்கும் உரிமை பெற்றிருக்கும் சிறுவனை, மைனராக இருக்கும்வரை அந்நாடு பட்டாளத்துக்கு அழைக்கக் கூடாது என்றும் அது சொல்லிற்று. வாழ்கிற இடமே கடமையின் இடம் என்ற இந்தத் தத்துவத்தைக் காட்டிலும் நேர்மையான ஒன்றைப் பிற்காலத்தவர் கண்டுபிடித்ததாகத் தோன்றவில்லை.

1937ல் அமலுக்கு வந்த அந்த உடன்பாடு, அதில் சேர்ந்த சில ராஜ்யங்களை மாத்திரமே கட்டுப்படுத்திற்று. அதே மகாநாட்டில் கையெழுத்தான மற்றோர் உடன்படிக்கையோ, ஒருவன் எந்த நாட்டுப் பிரஜையோ அந்த நாட்டுக்கு எதிராக அவனுடைய மற்ற நாடு அவனுக்காகப் பரிந்து தலையிட முடியாது என்று எழுதிவைத்தது. முதலாவது ஏட்டளவில் ஒதுங்கிக் கிடக்க, இரண்டாவது உலக வழக்காகவே நிலைத்துவிட்டது.

'அமெரிக்கா' என்ற பட்டப்பெயர்

இரண்டு சட்டங்களுக்கு இடையில் சிக்கிய ஒரு மனிதனின் கதி என்னவாகும் என்பதற்கு மிட்சுகி நிஷிகாவாவின் வழக்கைப் போல விளக்கமான உதாரணம் கிடைப்பது அரிது. 1916ல் கலிபோர்னியாவிலுள்ள ஆர்டீஷியா என்ற ஊரில் ஜப்பானியப் பெற்றோருக்குப் பிறந்த அவர், பிறந்த மண்ணால் அமெரிக்கராகவும், தகப்பனாரின் வழியில் ஜப்பானியராகவும் இருந்தார். கலிபோர்னியா சர்வகலாசாலையில் பொறியியல் படித்துத் தேறி, 1939ஆம் வருஷம் ஆகஸ்டு மாதத்தில் மேற்படிப்புக்காக ஜப்பானுக்குப் போனார். அதே வருஷம் நவம்பரில் தகப்பனார் காலமாகிவிட, கையில் பணமில்லாமல் ஒரு விமானத் தொழிற்சாலையில் வேலைக்கு அமர்ந்தார். 1941ஆம் வருஷம் மார்ச் 1ஆம் தேதி ஜப்பானிய ராணுவம் அவரைக் கட்டாயமாகச் சேர்த்துக்கொண்டது. பேர்ல் துறைமுகத் தாக்குதலுக்கு அப்போது இன்னும் ஒன்பது மாதங்கள் இருந்தன.

சீனாவிலும், இந்தோ-சீனாவிலும், பிலிப்பைன்ஸிலும், மஞ்சூரியாவிலும் விமானங்களைப் பழுதுபார்க்கும் பணியில் அவர் இருந்தார். இந்த யுத்தத்தில் ஜப்பான் ஜெயிக்க முடியாது என்று சொன்னதற்காக உடன் இருந்த சிப்பாய்கள் ஒரு மாத காலம் ஏறக்குறைய தினந்தோறும் தம்மை அடித்தார்கள் என்றும், 'அமெரிக்கா' என்று தமக்குப் பட்டப்பெயர் வைத்தார்கள் என்றும் அவர் சாட்சியம் அளித்தார். யுத்தம் முடிந்து, அமெரிக்க பாஸ்போர்ட் கேட்டுத் தூதரகத்துக்குப் போனவருக்கு, அந்நிய சேனையில் பணிபுரிந்ததால் அமெரிக்கப் பிரஜாவுரிமை போய்விட்டது என்ற பத்திரமே கிடைத்தது. இதில் இன்னொரு விபரீதமும் உண்டு. அவர் தேடிக்கொள்ளாத ஜப்பானியப் பிரஜாவுரிமையே அவரைப் பட்டாளத்துக்கு இழுத்தது. அந்தப் பிரஜாவுரிமை இருந்த காரணத்தினாலேயே, 1940ஆம் வருஷத்து அமெரிக்கச் சட்டத்தின்படி அந்தச் சேவை அமெரிக்கப் பிரஜாவுரிமையைப் பறிக்கும் குற்றமாகவும் ஆயிற்று. கீழ்க் கோர்ட்டுகளில் தோற்ற அவருக்கு, 1958ஆம் வருஷம் மார்ச் 31ஆம் தேதி உச்ச நீதிமன்றத்தில் நியாயம் கிடைத்தது. மனமுவந்து சேர்ந்தான் என்பதைத் தெளிவான, ஐயத்துக்கிடமற்ற சாட்சியத்தால் ருசுப்படுத்தும் பொறுப்பு அரசாங்கத்தைச் சேர்ந்ததேயன்றி, நிர்ப்பந்தத்தால் சேர்ந்தேன் என்று நிரூபிக்கும் பாரம் அந்த மனிதனுடையதன்று என்று பிரதம நீதிபதி ஏர்ல் வாரன் தீர்ப்பெழுதினார். அந்த ஒரு வாக்கியத்துக்காக நிஷிகாவா யுத்தம் முடிந்தும் பன்னிரண்டு வருஷங்களுக்கு மேல் காத்திருக்க வேண்டியதாயிற்று.

ஒருமுறை செய்தால் போதும்

யுத்தத்தில் நொந்த ஐரோப்பா, 1963ஆம் வருஷம் மே 6ஆம் தேதி ஸ்ட்ராஸ்பர்க் நகரில் செய்துகொண்ட உடன்படிக்கையில், ஹேக் தத்துவத்தை இன்னும் திருத்தமாக எழுதிற்று. பல நாட்டுப் பிரஜையானவன் ஒரு நாட்டுக்கு மாத்திரமே ராணுவக் கடமை செய்தால் போதும். பொதுவாக அது அவன் வசிக்கும் நாடு. பத்தொன்பது வயது வரையில் மற்ற நாட்டுச் சேனையில் தானாக முன்வந்து சேரவும் அவனுக்கு உரிமை உண்டு.

அந்த உடன்படிக்கைக்கு வெளியே, ஒரு காலத்தில் எதிரிகளாக நின்ற இரண்டு தேசங்களும் இதே வழிக்கு வந்தன என்பதுதான் வியப்பு. 1962ல் அல்ஜீரியா சுதந்திரம் பெற்றது. அதற்கு முன் அல்ஜீரியா பிரெஞ்சு மண்ணாகவே கருதப்பட்டிருந்தமையால், அங்கே பிறந்த பெற்றோருக்கு 1963 முதல் பிரான்ஸில் பிறந்த குழந்தைகள், 1889ஆம் வருஷத்துச் சட்டத்தின் வழிவந்த அதே விதியால் பிறவியிலேயே பிரெஞ்சுப் பிரஜைகளாயினர். அல்ஜீரியாவும் அவர்களைத் தன் மக்கள் என்றே எண்ணிற்று. அந்தக் குழந்தைகள் பதினெட்டு வயதை எட்டிய காலத்தில், 1983ஆம் வருஷம் அக்டோபர் 11ஆம் தேதி, இரண்டு அரசாங்கங்களும் சேர்ந்து, எந்த நாட்டில் சேவை செய்வது என்பதை வாலிபனே தெரிந்தெடுக்கலாம், ஒன்றில் செய்த சேவை மற்றதற்கும் செல்லும் என்று ஒப்பந்தம் செய்துகொண்டன. ரத்தம் சிந்திப் பிரிந்தவர்களாலேயே இது முடிந்தது என்றால், மற்றவர்களால் முடியாதென்பது சாக்குப்போக்கே.

கொரியாவின் கெடு, சிங்கப்பூரின் ஜாமீன்

ஆயினும் கடுமையான சட்டங்களுக்குப் பின்னாலும் ஒரு நியாயம் உண்டு. தென்கொரியாவில் வசதி படைத்தவர்களின் பிள்ளைகள் அந்நிய பாஸ்போர்ட்டைக் காட்டித் தப்பிக்க, ஏழை வீட்டுப் பிள்ளை எல்லையில் பனியில் நிற்பதா என்ற கோபம் ஜனங்களிடையே ஆழமாக வேரூன்றியிருக்கிறது. ராணுவத்தில் சேருவதாகச் சொல்லிவந்த யூ சுங்-ஜுன் என்ற பிரபல பாடகர், 2002ஆம் வருஷத் தொடக்கத்தில் அமெரிக்கப் பிரஜையாகிவிட்டபோது, நாட்டுக்குள் நுழையவே அவருக்குத் தடை விதிக்கப்பட்டது. உச்ச நீதிமன்றம் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்த பிறகும் விசா மறுக்கப்பட்டது.

இந்தக் கோபத்தின் சூட்டில் அடிக்கப்பட்ட சட்டம், குற்றமற்றவர்களையும் சுட்டது. பிறவியால் இரட்டைப் பிரஜையான ஆண்பிள்ளை, பதினெட்டு வயதாகும் வருஷத்தின் மார்ச் 31ஆம் தேதிக்குள் கொரியப் பிரஜாவுரிமையைத் துறந்துவிட வேண்டும். கெடு தவறினால், சேவையை முடிக்கும் வரையிலோ, 38ஆம் வயது வரும் வரையிலோ துறக்க இயலாது. 1998 முதல் தாய் கொரியராயிருந்தாலே பிள்ளையும் கொரியன் ஆகிவிடுவதால், அமெரிக்காவில் பிறந்து, கொரிய மொழி அறியாமல் வளர்ந்து, தான் கொரியப் பிரஜை என்பதையே கேள்விப்படாதவனும் இதில் மாட்டிக்கொண்டான். அப்படிப்பட்ட ஒருவர் தொடுத்த வழக்கில், 2020ஆம் வருஷம் செப்டம்பர் 24ஆம் தேதி, அந்நாட்டு அரசியல் சாசன நீதிமன்றம், தக்க காரணத்தால் கெடுவைத் தவறவிட்டவனுக்கு வழியே வைக்காதது சாசனத்துக்கு ஒவ்வாது என்று தன் முந்திய முடிவை மாற்றிக்கொண்டது. 2022 அக்டோபர் முதல் அத்தகையவர்களுக்கு மந்திரியின் விசேஷ அநுமதியால் விடுதலை பெற வழி பிறந்திருக்கிறது.

நமக்கு நெருங்கிய உதாரணம் சிங்கப்பூர். 1967ல் தொடங்கிய தேசிய சேவை, அங்குள்ள தமிழர் வீடுகளில் 'என்.எஸ்.' என்றே வழங்கும் இரண்டு வருஷக் கடமை. வயது வந்தவர்களுக்கு இரட்டைப் பிரஜாவுரிமையை அந்நாடு அநுமதிப்பதில்லை. ஆனால் சிறுவயதில் இரண்டும் உள்ள ஆண்பிள்ளை, சிங்கப்பூர்ப் பிரஜையின் சலுகைகளை அநுபவித்து வளர்ந்திருந்தால், சேவை செய்யாமல் விலகிக்கொள்ள விடுவதில்லை. பதின்மூன்று வயதுக்கு மேல் இரண்டு வருஷமோ அதற்கு மேலோ வெளிநாட்டில் இருக்கப்போகும் பையனுக்காகப் பெற்றோர் 75,000 வெள்ளியோ, தங்கள் வருஷ வருமானத்தில் பாதியோ, எது அதிகமோ அதற்கு ஜாமீன் கட்ட வேண்டும். தமிழ்நாட்டிலிருந்து போய் நிரந்தரவாசியாகி நீல அடையாள அட்டை பெற்றவர்களின் மகன், இந்திய பாஸ்போர்ட்டையே வைத்திருந்தாலும், பெற்றோரின் வழியில் நிரந்தரவாசம் பெற்றவனானால் என்.எஸ். செய்தே தீர வேண்டும். செய்யாமல் நிரந்தரவாசத்தைக் கைவிட்டால், பின்னாளில் அங்கே படிக்கவோ வேலை பார்க்கவோ விண்ணப்பிக்கும்போது அது அவனுக்குப் பாதகமாக எண்ணப்படும். இரட்டைப் பிரஜாவுரிமையை நம் நாட்டுச் சட்டம் ஏற்காததால் இந்தத் தொல்லை நமக்கில்லை என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். ஆயினும் சிங்கப்பூரின் சட்டம், கொரியாவினுடையதைப் போல எங்கோ இருப்பவனைத் துரத்தாமல், பெரும்பாலும் தன் மண்ணில் வளர்ந்து பயன்பெற்றவனிடமே கடமையைக் கேட்கிறது; அந்த அளவில் அது ஹேக் தத்துவத்துக்கு நெருங்கியது.

யுத்தம் வந்துவிட்டால் எந்தத் தத்துவமும் தாங்குவதில்லை. 2022 பிப்ரவரியில் உக்ரைன் 18 முதல் 60 வயது வரையிலான ஆண்களை நாட்டைவிட்டு வெளியேறாமல் தடுத்தபோது, வேறொரு பாஸ்போர்ட்டும் வைத்திருந்தவர்களை அந்த அரசாங்கம் உக்ரைனியர்களாகவே நடத்திற்று. அவர்களுடைய மற்ற நாட்டுத் தூதரகங்களால் பெரிதாக எதுவும் செய்ய இயலவில்லை. ஆகவே சமாதான காலத்திலேயே செய்துகொள்ள வேண்டிய ஏற்பாடு இது. வாழும் நாட்டில் கடமை. அதுவும் ஒரே ஒருமுறை. கேளாமல் வந்த பிரஜாவுரிமையைத் துறக்க விரும்புகிறவனுக்கு, அழைப்பு வருமுன்பே அவனுக்குத் தெரியும்படி வைக்கப்பட்ட வழி. முதல் இரண்டையும் உடன்படிக்கைகள் எழுதிவைத்துவிட்டன. மூன்றாவதுதான் இன்னும் பெரும்பாலும் பெற்றோரின் முன்யோசனைக்கே விடப்பட்டிருக்கிறது. தந்தை தாயர் பிறந்த நாட்டின் தூதரகத்துக்கு மகனின் பதினாறு பதினேழு வயதில் எழுதிக் கேட்டுக்கொள்வது இன்றைய நிலையில் விவேகமே. ஆனால் அது குடிமகனின் விவேகத்தை மாத்திரம் நம்பி விடத்தக்கதன்று. பதினெட்டாம் வயதில் ஒருவனுக்குச் சேனையில் சேரும்படி உத்தரவிட உரிமை கொண்டாடும் ராஜ்யம், அவன் தன் பிரஜை என்பதையும், வேண்டாமென்றால் விலகும் வழி இன்னது என்பதையும் பதினேழாம் வயதில் அவனுக்கு எழுதித் தெரிவிக்கக் கடமைப்பட்டது. அந்தக் கடிதத்தை எழுதாத ராஜ்யத்துக்கு, வராதவனை ஓடிப்போனவன் என்று சொல்ல நியாயம் கிடையாது.